இறக்கக்கண்டி வானமும் இராசி மண்டலமும்

வானத்தை நோக்கிக் காலங் கணியாத பண்டைய இனம் உலகில் அரிது. உழவன் விதைக்கும் நாளையும், மாலுமி பாய்விரிக்கும் நாளையும், அரசன் விழாவெடுக்கும் நாளையும் விண்மீன்களே உணர்த்தின. ஆயினும் வானநூல் வரலாற்றை எழுதுவோர் பாபிலோன், எகிப்து, கிரேக்கம் என முறைப்படுத்திச் சென்று, நமது கரைகளைக் கடன்பெற்றோர் வரிசையிற் சேர்த்துவிடுவது வழக்கமாயிற்று. இக்கணிப்பு எவ்வளவு பொருந்தும் என்பதைத் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில், களப்பும் கடலும் சந்திக்குமிடத்தில் அமைந்த இறக்கக்கண்டியை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். விண்மீன்களை அறிதல் ஒன்று. ஞாயிற்றின் வழியைப் பன்னிரு சமகூறுகளாக்கிப் பெயரிடுதல் மற்றொன்று. பின்னையது பாபிலோனியரின் ஆக்கம் என்பதில் ஐயமில்லை. அவர்தம் முல்-அபின் என்னும் களிமண் ஏட்டுத் தொகுதி, சந்திரன் செல்லும் வழியிற் பன்னிரண்டினும் மிகுந்த விண்மீன் கூட்டங்களைக் குறிப்பிடுகின்றது. கணக்கீட்டின் வசதி கருதி அவற்றைப் பன்னிரண்டாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் 30 பாகை வகுத்தமை கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அம்முறையைக் கிரேக்கர் ஏற்று வளர்த்தனர். பின்னர் அது இந்தியாவை அடைந்தது. வேதாங்க சோதிடம் நாள்மீன்களைக் கூறுமேயன்றி இராசிகளைக் கூறாது. ஓரை, கேந்திரம் முதலாய சொற்கள் கிரேக்க மூலத்தின என்பது மொழியறிஞர் பலரின் கொள்கை.

தமிழ் இலக்கியத்திலும் இவ்விரு படைகளையும் காணலாம். அகநானூற்றின் மணப்பாடல்கள் திங்களும் உரோகிணியும் கூடும் நாளை நன்னாளாகப் போற்றுகின்றன. அங்கு இராசிக்கு இடமில்லை. நெடுநல்வாடையிலோ அரசியின் கட்டிலுக்கு மேலுள்ள விதானத்தில், ஆட்டினை முதலாகக் கொண்ட வான்வழி தீட்டப்பட்டிருக்கின்றது. பரிபாடலின் பதினோராம் பாடல் கோள்கள் நின்ற இராசிகளையே நிரல்படக் கூறுகின்றது. ஆகவே இராசி மண்டலம் வந்து சேர்ந்த செல்வம் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை. அது வந்தபோது இங்கிருந்த வானம் வெறுமையாயிருந்ததா என்பதே வினா.

இவ்வினாவுக்கு உரோம அறிஞர் பிளினி ஒரு விடை தந்துள்ளார். கி.பி. 77ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அவரது இயற்கை வரலாறு, தப்ரபேன் எனப்பட்ட இலங்கையின் மாலுமிகள் விண்மீன்களை நோக்குவதில்லை என்றும், பறவைகளைப் பறக்கவிட்டு அவற்றின் வழியே கரைசேர்வர் என்றும், அவர்கள் வானிற் பெருங்கரடிக் கூட்டம் தோன்றாது என்றும் கூறும். கிளாடியஸ் பேரரசனிடஞ் சென்ற இலங்கைத் தூதர் பெருங்கரடியையும் கார்த்திகையையும் புதியதொரு வானத்திற் கண்டவர்போல் வியந்தனர் எனவும் எழுதினார்.

இக்கூற்றை மறுக்க நூலறிவு வேண்டியதில்லை. இறக்கக்கண்டிக் கடற்கரையே போதும். அவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 பாகையில் உள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவில் வடவானில் எழுமீனாகிய பெருங்கரடி தெளிவாக நிற்கும். கார்த்திகையோ, பிளினியின் காலத்தில் இக்கரையோர் தலைக்கு மேல் உச்சியிலிருந்து ஏறக்குறைய 8 பாகை தொலைவிலேயே சென்றது. உரோமாபுரியினும் இங்கேதான் அது உயரத் தோன்றியது. அங்ஙனமாயின் பிழை எவ்வாறு நேர்ந்தது? அக்கால மேலைநாட்டார் இலங்கையை மிகப் பெரியதாகவும் தெற்கே நெடுந்தொலைவு நீண்டதாகவும் கருதினர். வானநூலிலும் புவிநூலிலும் பேராசிரியராய் விளங்கிய தொலமியே இத்தீவை நிலநடுக்கோட்டுக்கு அப்பாலும் நீட்டி அமைத்தார். கற்பனைப் படத்திலிருந்து வானத்தை ஊகித்தமையே தவறுக்கு ஏது எனல் பொருந்தும். உரோமாபுரியில் என்றும் தோன்றாத அகத்திய விண்மீன் இலங்கையிற் பேரொளியுடன் திகழும் என்று பிளினி கூறியது மட்டும் உண்மை.

கார்த்திகைக் கூட்டம் மற்றுமோர் உண்மையையும் புலப்படுத்தும். ஹெசியட் என்னும் கிரேக்கப் புலவர், இக்கூட்டம் விடியற்காலையில் மேற்கே மறையுங்கால் கடலோட்டத்தை நிறுத்துமாறு தம் நாட்டாருக்கு அறிவுரை கூறினார். காலையில் மேற்கே மறையும் அதே பருவத்தில்தான் அது மாலையிற் கிழக்கே எழும். இன்று நமக்கு அது கார்த்திகை மாதம். வாடைக்காற்று வீசி, கீழைக்கடல் கொந்தளிக்கும் காலம். கடலை நோக்கிக் கிழக்கே திறந்த இறக்கக்கண்டியில் அறுமீன் மாலையில் நீரிலிருந்து எழுமாயின் வள்ளங்கள் கரையேற வேண்டிய பருவம் என்பது பொருள். சித்திரைப் பிற்பகுதியில் அது ஞாயிற்றொளியில் மறையும்போது கடல் அமைதியுற்றிருக்கும். கரைவலைத் தொழில் நடக்கும். ஒரே விண்மீன் கூட்டம் இருவேறு கடல்களில் ஒரே எச்சரிக்கையைத் தந்தது. இதனைக் கிரேக்கரிடம் கடன்பெற வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. காற்றும் கடலும் கற்பித்த பாடம் அது.

இக்கரையின் சாசனங்களும் இதற்கு அரண் செய்வன. குச்சவெளிக்கு வடக்கேயுள்ள திரியாயின் வடமொழிப் பாறைக் கல்வெட்டு, கடலோட்டத்தில் வல்ல வணிகர் கணத்தாரைப் போற்றுகின்றது. திருகோணமலைக் கோட்டையிற் காணப்பட்ட கிரந்தச் சாசனம், சோடகங்கன் வருகையைச் 'சம்புபுஷ்ப' என்னும் சக ஆண்டிற் குறிக்கின்றது. இது வானநூலார் கையாண்ட கடபயாதி முறை. வடமொழி ஒலிப்படி இச்சொல்லின் எழுத்துக்கள் 5, 4, 1, 1 என்னும் எண்களைத் தரும். வலமிருந்து வாசிப்பின் சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223. கோணேசர் கோயில் 1624இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பின்னரும் அக்கல்லில் வானக்கணிதரின் குறியீடு எஞ்சியது. மேலும், ஈழத்தில் எழுந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுட் பழமையானதாகக் கொள்ளப்படும் சரசோதிமாலை ஒரு சோதிட நூலே. போசராச பண்டிதர் அதனை 1310இல் தம்பதெனியாவிற் பராக்கிரமபாகு மன்னன் அவையில் அரங்கேற்றினார். இரவலாக வந்த இராசிக்கலை ஈழத்தமிழின் இலக்கிய முகப்பாகவே அமைந்துவிட்டது.

ஏட்டிலேறிய கணிதம் இவ்வாறு பிழைத்தது. ஏறாத அறிவின் நிலையோ வேறு. போர்க்காலத்துக் கடற்றடைகளும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இக்கரையோர வாழ்வைக் குலைத்தன. இயந்திரப் படகும் செய்மதித் திசைகாட்டியும் மீனவனின் உயிரைக் காப்பன. அவற்றைக் குறைகூறுதல் தகாது. எனினும் விடிவெள்ளியையும் அறுமீனையும் கண்டு, வாடை, சோழகம், கச்சான், கொண்டல் எனக் காற்றறிந்து தொழில் செய்தோரின் சொற்கள் அவர்களுடனேயே அற்றுப்போகின்றன. பிளினி கேட்டெழுதியது பிழையாயிருந்தும் 1,900 ஆண்டுகள் கடந்து நிற்கின்றது. எழுதியமையே அதற்குக் காரணம். சரியாக அறிந்தோர் எழுதாமையால் மறக்கப்படுகின்றனர். தமிழ்த்துறை மாணவர் இறக்கக்கண்டி போன்ற ஊர்களுக்குச் சென்று, தமிழரும் முசுலிம்களுமாகிய முதிய மீனவரிடம் விண்மீன் பெயர்களையும் காற்றின் பெயர்களையும் கேட்டுத் தொகுப்பாராயின், பாபிலோனின் களிமண் ஏட்டுக்கு நிகரான ஆவணமொன்று நம் மொழிக்குக் கிடைக்கும். அப்பணிக்குக் காலம் குறுகியதே. தொடங்குதல் நம் கடன்.