மணிலாத் தோல் முதல் பெல்லட் வரை: திருவண்ணாமலை வட்டாரத்தில் வீட்டு அடுப்பின் எரிபொருள்

பெல்லட் என்பது மரத்தூள், மணிலாத் தோல், உமி, கரும்புச் சக்கை போன்றவற்றை உலர்த்தி, அரைத்து, சிறு துளைகளின் வழியே மிகுந்த அழுத்தத்தில் பிதுக்கிச் செய்யப்படும் எரிபொருள். பார்வைக்கு மாட்டுத் தீவனக் குச்சியைப் போல இருக்கும். குறுக்களவு பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர். குளிர் நாடுகளில் இதை அறையைச் சூடாக்கும் அடுப்புகளில் எரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 2006ஆம் ஆண்டுக்குப் பின் சமையல் எரிபொருளாக வந்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான வீடுகளை விட்டு உணவகங்களுக்கும் ஆலைக் கொதிகலன்களுக்கும் போய்விட்டது. அடுப்பில் பெரிய குறை இல்லை. எரிபொருள்தான் வீட்டாருக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு அடுப்புக்கு எந்தப் பெல்லட் ஏற்றது என்ற கேள்விக்கான விடையும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

விறகுக் காலம்

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு விறகு மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, மலைகளும் காடுகளும். போளூர், செங்கம் பக்கம் ஜவ்வாது மலையும், நகரத்தை ஒட்டி அண்ணாமலையும் தலைச்சுமை விறகு தந்தன. இரண்டாவது, வயல். துவரை மிளார், பருத்தி மிளார், கரும்புத் தோகை, சாணத்தில் தட்டிய வறட்டி ஆகியவை கிராமத்து அடுப்புக்குப் போதுமானவையாக இருந்தன. மூன்றாவது, நட்டு வளர்த்த மரம்.

மூன்றாவது வழி இரயிலோடு வந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியபோது எஞ்சின்கள் விறகை எரித்தன. இருப்புப்பாதை மேற்கே நீள நீள, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டக் காடுகளின் மீது சுமை ஏறியது. எஞ்சினுக்கு விறகு வேண்டியே சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காப்புக் காடுகள் வரையறுக்கப்பட்டன. ஊரார் முன்போல் விருப்பப்படி விறகு வெட்டுவது கட்டுப்பாட்டுக்கு வந்தது. இரயிலுக்காக வளர்ந்த சவுக்கு, பிற்காலத்தில் நகரங்களின் விறகுத் தொட்டிகளில் முதல் தர விறகாக விலை போயிற்று.

1870களில் கடப்பைப் பகுதியில் அறிமுகமான சீமைக் கருவேலம் ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் பரவியது. வட மாவட்டங்களில் இதற்கு வேலிகாத்தான் என்று பெயர். நீர்நிலைகளுக்குத் தொல்லையான இந்த மரம் ஏழை வீட்டு அடுப்புக்கு நல்ல விறகாகவும் ஆனது. இரண்டு கருத்துகளும் இன்றுவரை ஒரே ஊரில் பேசப்படுகின்றன.

விறகு வாங்கத் தெரிவது அக்காலத்தில் ஓர் அறிவு. இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தால், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரக் கட்டை மந்தமாக ஒலிக்கும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கலாம். அதை எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், எஞ்சுவது புகை. பெல்லட்டுக்கு இன்று விதிக்கப்படும் ஈரப்பத வரம்பு, இந்தப் பழைய அறிவைக் கருவியால் அளந்து சொல்வதுதான்.

தூள் அடுப்பும் உமி அடுப்பும்

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசையில் நின்ற காலத்தில் மரத்தூள் அடுப்பு பல வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இருந்தது. தகர டப்பாவின் நடுவில் ஒரு கட்டையையோ புட்டியையோ நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கிக் குத்தி நிரப்புவார்கள். கட்டையை உருவி எடுத்தால் நடுவில் ஒரு குழல் கிடைக்கும். அடித்துளையில் ஒரு சிறு விறகைச் செருகித் தீ மூட்டினால், குழலின் உட்சுவர் மெதுவாகப் பற்றி மணிக்கணக்கில் எரியும். சரியாக இறுக்காவிட்டால் தூள் சரிந்து அணையும். ஆரணி போன்ற நெல் ஆலை ஊர்களில் இதே முறை உமிக்கும் உண்டு.

இந்த அடுப்பில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருந்தது. உதிரித் தூள் சீராக எரியாது. இறுக்கிய தூள் சீராக எரியும். பெல்லட் எந்திரம் செய்வதும் இதுவே. தூளை டப்பாவில் குத்துவதற்குப் பதிலாக, எஃகுத் துளைகளில் செலுத்தி, முன்கூட்டியே கட்டியாக்கித் தருகிறது. அழுத்தத்தில் உண்டாகும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறியதும் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. நல்ல மூலப்பொருளுக்குத் தனியாகப் பசை தேவைப்படுவதில்லை.

பெல்லட்டின் பிறப்பு

பெல்லட் எந்திரம் முதலில் கால்நடைத் தீவனத்துக்காக உருவானது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் மர அறுவை ஆலைக் கழிவை அதே எந்திரத்தில் இட்டு எரிபொருளாக்கினர். 1980களில் வீட்டு பெல்லட் அடுப்புகள் அங்கே விற்பனைக்கு வந்தன. சுவீடன், ஆஸ்திரியா, ஜெர்மனி முதலிய நாடுகளில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. தரம் ஊருக்கு ஊர் மாறியதால் அளவுகோல் தேவைப்பட்டது. பன்னாட்டுத் தர நிறுவனம் 2014இல் வெளியிட்ட 17225 வரிசைத் தரத்தின்படி, வீட்டுக்கான உயர்தர மரப் பெல்லட்டில் ஈரம் 10 விழுக்காட்டுக்குள்ளும், சாம்பல் 0.7 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.

இந்தியாவின் நிலை வேறு. இங்கே மலிவாகக் கிடைப்பது மரத்தூளைவிட வயற்கழிவு. வயற்கழிவில் சாம்பல் கூடுதல். எனவே அதற்கேற்ற அடுப்பு வேண்டியிருந்தது.

ஊர்ஜா அடுப்பு

அந்த அடுப்பை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எச். எஸ். முகுந்தாவின் குழு உருவாக்கியது. பிரிட்டனின் பி.பி. எண்ணெய் நிறுவனம் 2006இல் அதை 'ஊர்ஜா' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. மகாராட்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை அதன் முக்கியச் சந்தைகள். பெண்கள் குழுக்கள், தொண்டு நிறுவனங்கள் வழியாகக் கிராமங்களுக்கு விற்பனை நடந்தது.

அடுப்பின் வேலை எளிது. சுமார் 600 கிராம் பெல்லட்டை ஒரே முறையில் நிரப்பி மேலிருந்து பற்ற வைக்க வேண்டும். தீ மேலிருந்து கீழே இறங்கும். மின்கலத்தில் ஓடும் சிறு விசிறி அடியிலும் மேலும் காற்றை ஊதும். அடிக்காற்றில் பெல்லட் வாயுவாக மாறும். மேற்காற்றில் அந்த வாயு எரியும். ஒரு முறை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும். கரி குறைவு, புகை மிகக் குறைவு.

புகை குறைவது சிறிய செய்தி அல்ல. தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் காற்றை அளந்து பார்த்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, விறகு எரிக்கும் வீடுகளில் சமைப்பவர் உள்ளிழுக்கும் நுண்துகள் எரிவாயு வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆய்வுகளில் காட்டியது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

ஊர்ஜா அடுப்புகள் 4 லட்சம் அளவுக்கு விற்றன. வணிக முறையில் இவ்வளவு விற்ற நவீன விறகு அடுப்பு அதற்கு முன் நாட்டில் இல்லை எனலாம்.

பெல்லட் ஏன் வீட்டை விட்டுப் போனது

2009இல் பி.பி. இத்தொழிலிலிருந்து விலகியது. புனேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் அதைத் தொடர்ந்து நடத்தியது. ஆனால் வீட்டு விற்பனை சரிந்தது. காரணங்கள் மூன்று.

முதலாவது, மூலப்பொருளின் விலை. கழிவு என்று கருதியது கழிவாகவே நீடிக்கவில்லை. கரும்புச் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலனுக்கே வைத்துக்கொள்கின்றன; கரூர் மாவட்டப் புகளூரிலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்கு அதுவே மூலப்பொருள். உமி நெல் வேகவைக்கவும் செங்கல் சூளைக்கும் போகிறது. மணிலாத் தோலுக்கும் கொதிகலன்காரர்கள் விலை தருகிறார்கள். மூலப்பொருள் விலை ஏற, பெல்லட் விலையும் ஏறியது.

இரண்டாவது, எரிவாயு. தமிழ்நாடு அரசு 2007இல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. ஊர்ஜா வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே எரிவாயு வைத்திருந்தவர்கள். உருளையை மிச்சப்படுத்தவே இதை வாங்கினார்கள். மிச்சம் இல்லையென்றதும் அடுப்பு பரணுக்குப் போனது.

மூன்றாவது, ஒரே எரிபொருளைச் சார்ந்த அடுப்பு. மண் அடுப்பில் விறகு இல்லாத நாளில் வறட்டி எரியும், மிளார் எரியும். ஊர்ஜாவில் பெல்லட் வராத வாரத்தில் சமையல் நிற்கும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு, கையில் பணம் இல்லாத நாளிலும் பொறுக்கி எரிக்கக்கூடிய விறகே துணை.

உணவகங்களும் ஆலைகளும் பெல்லட்டை மொத்தமாக வாங்கின. அவை மாற்றுவது வணிக எரிவாயுவையும் டீசலையும் என்பதால் கூடிய விலையும் அவற்றுக்குக் கட்டுப்படியானது. 2021இல் மத்திய மின் அமைச்சகம் அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு பெல்லட்டைக் கலந்து எரிக்கப் பணித்த பின், பெரிய வாங்குவோர் வரிசை மேலும் நீண்டது.

வீட்டுக்கு ஏற்ற பெல்லட்

இன்றும் பெல்லட் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளும் சிறு அன்னதானக் கூடங்களும் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவை கீழே.

மூலப்பொருள்: சாயம், பசை கலவாத மரத்தூள் பெல்லட்டே முதல் தரம், சாம்பல் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஒட்டுப்பலகை, பெயிண்ட் அடித்த பலகைகளின் தூள் கூடாது. அவற்றிலுள்ள வேதிப்பொருள்கள் புகையில் கலக்கும். அடுத்தது மணிலாத் தோல். இம்மாவட்டம் மணிலாவுக்குப் பெயர் பெற்றது; பேச்சில் மல்லாட்டை என்பார்கள். 100 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 30 கிலோ தோல் கிடைக்கும். சாம்பல் சில விழுக்காடுதான்; ஆனால் மண் ஒட்டிய தோலை அப்படியே அரைத்தால் சாம்பல் கூடும். உமி கடைசி. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்; பெரும்பகுதி சிலிக்கா. விசிறி அடுப்பின் காற்றுத் துளைகளை அது விரைவில் அடைக்கும்.

உறுதி: நல்ல பெல்லட்டின் மேற்புறம் வழவழப்பாக மினுங்கும், ஒடித்தால் 'டக்' என்று ஒடியும், ஒரு குவளை நீரில் போட்டால் மூழ்கும். மிதந்தால் சரியாக அழுத்தப்படவில்லை. மூட்டையின் அடியில் தூள் மிகுந்திருந்தால் வாங்க வேண்டாம்.

சேமிப்பு: ஈரம் பட்ட பெல்லட் ஊதிப் பழையபடி தூளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோணி மூட்டையாக வைப்பது வீண். மூடியுள்ள டிரம்மில், தரையைத் தொடாமல் வைக்க வேண்டும்.

விலை: இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 14.2 கிலோ எரிவாயு உருளையின் வெப்பம் கிலோவுக்கு 11,000 கிலோ கலோரி வீதம் சுமார் 1,56,000 கிலோ கலோரி. எரிவாயு அடுப்பு அதில் 60 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குத் தருகிறது என்று கொள்வோம். மணிலாத் தோல் பெல்லட்டுக்குக் கிலோ 3,800 கிலோ கலோரி, அடுப்புத் திறன் 40 விழுக்காடு என்று கொண்டால், ஓர் உருளைக்கு ஈடு சுமார் 60 கிலோ பெல்லட். ஆகவே உருளை விலையை 60ஆல் வகுக்க வேண்டும். உருளை 900 ரூபாய் என்றால் விடை 15. பெல்லட் வீட்டு வாசலில் கிலோ 15 ரூபாய்க்கு மேல் என்றால் இலாபம் இல்லை. வண்டி வாடகையையும் இதில் சேர்க்க வேண்டும் என்பதால், தொலைவிலிருந்து வரும் உயர்ந்த பெல்லட்டைவிட 30 கிலோமீட்டருக்குள் தயாராகும் நடுத்தரப் பெல்லட் வீட்டுக்கு ஏற்றது.

பாதுகாப்பு: எந்தப் பெல்லட்டும் முழுவதும் தீங்கற்றது அல்ல. கடைசியில் எஞ்சும் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். சன்னல் திறந்த இடத்தில்தான் எரிக்க வேண்டும். மழைக்கு அஞ்சிக் கதவை மூடிய அறையில் எரிக்கக் கூடாது.

மலையும் அடுப்பும்

2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை 1980களில் பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. விறகுக்காக வெட்டியதும், ஆடு மாடு மேய்ந்ததும், கோடைதோறும் காய்ந்த புல்லில் பரவிய தீயும் காரணங்கள். அதன்பின் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கமும், பின்னர் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும், வனத்துறையும் ஊராரும் மரம் நட்டுத் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியதால் மலையின் சில சரிவுகள் மீண்டும் பசுமையாயின. நட்டவர்களின் உழைப்போடு, அதே காலத்தில் நகர வீடுகளில் எரிவாயு பரவியதும் மலைக்கு உதவியது.

ஆயினும் எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் சுற்றுக் கிராமங்களில் மண் அடுப்பு மீண்டும் புகைகிறது. விலை கூடினால் வீடு பழைய எரிபொருளுக்குத் திரும்பும் என்பதை ஊர்ஜாவின் கதை முன்பே காட்டியது. மணிலா உடைக்கும் மில்கள் உள்ள ஊரிலேயே சிறு பெல்லட் எந்திரம் ஒன்றை அமைத்து, முதல் பங்கை உள்ளூர் வீடுகளுக்கு நிலையான விலையில் ஒதுக்கும் ஏற்பாடு இருந்தால், இவ்வட்டாரத்தில் பெல்லட் அடுப்புக்கு இடம் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாமல் அடுப்பை மட்டும் விற்றால், அதுவும் பரணுக்கே போகும்.