கோமாரியும் பிசிஆரும்: பிரிட்டன் கற்ற பாடம்

கோமாரி வந்த மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகும். நாக்கிலும் குளம்புகளுக்கு இடையிலும் கொப்புளங்கள் வெடிக்கும். தீனி எடுக்காது, நொண்டும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நோய் மிக வேகமாகப் பரவும். பாக்டீரியாவையும் தடுத்துவிடும் வடிகட்டியில் இதன் கிருமி புகுந்து வெளியேறுவதை ஜெர்மனியின் லோஃப்லரும் ஃப்ராஷும் 1898ல் காட்டினார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதலில் கண்டறியப்பட்டது இதுதான்.

2001: சந்தேகமே தீர்ப்பானது

2001 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் இறைச்சிக்கூடம் ஒன்றிலிருந்த பன்றிகளிடம் இந்நோய் தெரிந்தது. அதற்குள் சந்தைகள் வழியாக ஆடுகள் அதை நாடெங்கும் கொண்டு சேர்த்திருந்தன. ஆடுகளில் அறிகுறி மிக லேசாகவே தெரியும்; வாய்ப்புண்ணைப் பார்த்து இதுதான் என்று சொல்வது கடினம். ஆய்வகத்தில் வைரஸை வளர்த்துப் பார்த்து 'இல்லை' என்று உறுதி சொல்ல நான்கு நாட்கள் வரை ஆகும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று அரசு முடிவெடுத்தது. நோய் தெரிந்த பண்ணையில் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துப் பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள் கால்நடைகளைக் கொல்ல வேண்டும் என்பது விதி. 2,026 பண்ணைகள் நோய்பட்டவை என அறிவிக்கப்பட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்தப் பண்ணைகளில் ஒரு பகுதியின் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது வைரஸே இல்லை என்பதுதான் வேதனை.

பிசிஆர் என்ன செய்கிறது?

கோமாரி வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அதை ஒரு நொதியால் டிஎன்ஏவாக மாற்றி, குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் மறுபடி மறுபடி நகலெடுப்பதே ஆர்டி-பிசிஆர் முறை. ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிப்பாகும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். எனவே துளி வைரஸ் இருந்தாலும், கொப்புளம் தோன்றும் முன்பே கூட, சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். பண்ணைக்கே எடுத்துச் செல்லக்கூடிய பிசிஆர் கருவி 2001லேயே அமெரிக்காவில் இருந்தது. போதிய அளவு சோதித்து உறுதிசெய்யப்படவில்லை என்பதால் பிரிட்டன் அதைப் பயன்படுத்தவில்லை.

2007: வீட்டுக்குள்ளேயே திருடன்

2007 ஆகஸ்ட் 3 அன்று சர்ரே பகுதியில் மீண்டும் கோமாரி உறுதியானது. இம்முறை பிசிஆர் தயாராக இருந்தது. அதோடு வைரஸின் மரபணுத்தொகுதி முழுவதையும், சுமார் 8,000 எழுத்துகளையும், படித்தார்கள். அது 1967ல் பிரிட்டனில் பரவிய வைரஸின் வகை. வெளியுலகில் எங்கும் அப்போது அது உலவவில்லை. ஆய்வகங்களிலும் தடுப்பூசி தயாரிப்பிலும்தான் இருந்தது. சில கிலோமீட்டர் தொலைவில் பிர்பிரைட் வளாகம். அங்கே அரசின் ஆய்வு நிறுவனமும் தனியார் தடுப்பூசி ஆலையும் அடுத்தடுத்து இயங்கின. வளாகத்தின் பழுதான கழிவுநீர்க் குழாய்களிலிருந்து வைரஸ் கசிந்திருக்கலாம் என்று விசாரணை கூறியது. பிர்பிரைட் விஞ்ஞானிகள் படித்த எழுத்துகள் அவர்கள் வளாகத்தையே காட்டிக்கொடுத்தன.

செப்டம்பரில் நோய் மறுபடி தலைகாட்டியபோது, 'இன்னொரு கசிவா?' என்ற கேள்வி எழுந்தது. ஆர்என்ஏ வைரஸ் நகலாகும்போது எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பிழைகளை ஒப்பிட்டதில், புதிய வைரஸ் ஆகஸ்ட் வைரஸின் வாரிசுதான் என்றும், இடையில் கண்ணில் படாத ஒரு பண்ணை இருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. பழைய புண்களோடு மாடுகள் இருந்த பண்ணை ஒன்றும் அகப்பட்டது. மொத்தம் எட்டுப் பண்ணைகளோடு நோய் அடங்கியது.

2007ல் நோய் ஒரு சிறு பகுதிக்குள்ளேயே இருந்தது, கால்நடைப் போக்குவரத்தும் உடனே நிறுத்தப்பட்டது. எனவே வெற்றி முழுவதையும் பிசிஆருக்கே எழுதிவிட முடியாது. அது வைரஸைக் கொல்லாது, மாட்டைக் குணப்படுத்தாது. ஆனால் எந்தத் தொழுவத்தில் நோய் இருக்கிறது, எதில் இல்லை என்று சில மணி நேரத்தில் சொல்லும். வருடக்கணக்கில் வளர்த்த மந்தையை வெறும் சந்தேகத்துக்குப் பலிகொடுத்த விவசாயிகளுக்கு 2001ல் கிடைக்காமல் போனது அந்தப் பதில்தான்.