மீன் முள்ளும் ஆறாத புண்ணும்

நம் வகுப்புப் பிள்ளையொருவரின் வாப்பா மீன் வெட்டுபவர். முள் குத்திய விரலில் சின்னக் கட்டியொன்று வந்தது. பெரிய நோவு இல்லை. நாலு மாதம் பார்மசிக் களிம்பும் வழக்கமான அன்டிபயோட்டிக்கும் என்று போனது. பிறகு முன்கையிலும் வரிசையாக இரண்டு கட்டிகள். கடைசியில் பார்த்த தோல் வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன தொழில் செய்றீங்க?" என்றுதான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம்.

1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் செத்துப்போன கடல் மீன்களிலிருந்து ஜோசப் அரன்சன் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன்தான், ஆனால் வசிப்பது தண்ணீரில். பெயர் மைக்கோபற்றீரியம் மரினம். மனிதருக்கும் அது தொற்றும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

பிறகு சுவீடனின் ஓரெப்ரோ நகரில், ஒரே நீச்சல் குளத்தில் குளித்த ஏறத்தாழ 80 பேருக்குத் தோலில் புண்கள், அதுவும் பெரும்பாலும் சிராய்ந்த முழங்கைகளில். லினெல், நோர்டன் இருவரும் ஆராய்ந்து 1954இல் விரிவாக எழுதினார்கள். உடல் வெப்பமான 37 பாகையில் அந்தக் கிருமி சரியாக வளரவில்லை, 31 பாகையளவில் வளர்ந்தது! கை, முழங்கை, முழங்கால் என்று உடம்பின் குளிர்ந்த இடங்களை அது பிடிப்பதும் இதனால்தான். புதுக் கிருமி என்று எண்ணி வேறு பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது அரன்சனின் பழைய மீன் கிருமியே என்று தெரிந்தது. 1962இல் வீட்டு மீன் தொட்டியில் கை உரசியவருக்கும் இதே புண் வந்ததாக எழுதப்பட்டது. குளங்களுக்குக் குளோரின் போடும் வழக்கம் பரவிய பின், இன்று வருவது பெரும்பாலும் மீனோடும் மீன் தொட்டியோடும் புழங்குகிறவர்களுக்கே.

ஆரம்பத்தில் வெட்டி எடுப்பார்கள், இல்லாவிட்டால் தானாக ஆறும்வரை காத்திருப்பார்கள். அதற்கு வருடக்கணக்கும் ஆகலாம். இப்போது கிளாரித்ரோமைசினோடு எதம்பியூட்டோல் அல்லது ரிபாம்பிசின் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். எது சிறந்தது என்று ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இல்லாததால் வைத்தியர்கள் அனுபவத்தை வைத்தே தெரிவு செய்கிறார்கள். மூன்று நாலு மாதம் குளிசை போடவேண்டி வரும். புண் மறைந்த பிறகும் ஓரிரு மாதம் தொடரவேண்டும். நம்மவர்கள் நிறுத்திவிடுவது அந்த இடத்தில்தான்.

இது ஆளுக்கு ஆள் தொற்றாது, பிள்ளைகளைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. ஆனால் வைத்தியரிடம் போனால், மீன் முள் குத்தியதை அவர் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் ஆய்வுகூடத்தில் மாதிரியை 37 பாகையில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று அறிக்கை வரக்கூடும்.