லிப்டன் தேர்ந்தெடுத்த முதற் படகு

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு 'லிப்டன் சீட்' என்ற பெயர் புதியதன்று. அப்புத்தளை நகரிலிருந்து தம்பேத்தென்ன தோட்டம் வழியாகவும் அந்த மலையுச்சிக்குப் போகலாம். பூனாகலைப் பக்கமிருந்தும் போகலாம். சேர் தோமஸ் லிப்டன் அங்கு அமர்ந்து தமது தேயிலைச் சரிவுகளைப் பார்வையிடுவார் என்று வழிகாட்டிகள் கூறுவர். அந்த மனிதரின் மனம் மலையிலிருந்ததைவிடக் கடலிலேயே அதிகம் இருந்தது என்பதைச் சொல்வோர் குறைவு.

தமது ஐம்பதாவது வயதுக்குப் பின்னர் அவர் முதன்முதலாக ஒரு பந்தயப் படகைத் தேர்ந்தெடுத்தார். உலகின் மிகக் கடினமான படகுப் போட்டிக்கென்றே அதைக் கட்டுவித்தார். ஊவா மலைகளின் வரலாற்றோடு நேரடித் தொடர்பு கொண்டது அந்தக் கதை. படகுக்கான செல்வத்தின் பெரும் பகுதி தேயிலையிலிருந்து வந்தது. தேயிலை எவருடைய கைகளிலிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம்.

லிப்டன் 1848 இல் கிளாஸ்கோ நகரில் ஏழை அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் தோட்டத்திலும் வேலை செய்தார். தோட்ட வேலை எத்தகையது என்பதை உடலால் அறிந்தவர் அவர். ஊர் திரும்பி 1871 இல் கிளாஸ்கோவில் ஒரு மளிகைக் கடையைத் திறந்தார். இருபது ஆண்டுகளுக்குள் அந்த ஒரு கடை பிரித்தானியா முழுவதும் பரவிய கடைத் தொடராயிற்று.

1890 இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்திருந்தது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. தம்பேத்தென்ன, லேமஸ்தொட்ட, மொனராகந்த முதலான தோட்டங்களை லிப்டன் வாங்கினார். அப்போது புகையிரதம் நானுஓயா வரையே வந்திருந்தது. அப்புத்தளைக்கு 1893 இலும் பண்டாரவளைக்கு 1894 இலும்தான் அது எட்டியது. இடைத்தரகர் எவருமின்றித் தமது தோட்டத்திலிருந்து நேராக வாடிக்கையாளரின் கோப்பைக்கு வரும் தேயிலை என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில், சிறு பொதிகளில் அது விற்பனைக்கு வந்தது.

1897 இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவின்போது, இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதிக்கு லிப்டன் 25,000 பவுண் வழங்கினார். மறு ஆண்டு அவருக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் அவரது நிறுவனம் பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. அதே ஆண்டில்தான் அவர் கடலை நோக்கித் திரும்பினார்.

முதலில் வாங்கியது இயந்திர வலுக் கொண்ட ஒரு நீராவி உல்லாசக் கப்பல். சிசிலியைச் சேர்ந்த செல்வந்தர் ஒருவருக்காக 1896 இல் ஸ்கொட்லாந்தின் கிரீனொக் நகரில் கட்டப்பட்ட அதன் பழைய பெயர் 'ஏகூசா'. லிப்டன் அதற்கு 'எரின்' எனப் பெயரிட்டார். எரின் என்றால் அயர்லாந்து. அது விருந்தினருக்கான கப்பல். அமெரிக்கா கிண்ணத்துக்குப் பாய்மரப் படகு வேண்டியிருந்தது. 1851 இல் 'அமெரிக்கா' என்ற படகு இங்கிலாந்திலிருந்து வென்று சென்ற அக்கிண்ணத்தை அதன்பின் எவராலும் மீட்க முடிந்திருக்கவில்லை. மோட்டார்ப் படகுப் பந்தயங்கள் அன்று வேரூன்றியிருக்கவில்லை. ஹாம்ஸ்வேர்த் கிண்ணத்துக்கான முதற் போட்டி 1903 இல்தான் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் நடந்தது. உலகின் கண்கள் பாய்மரத்தின் மீதே இருந்தன.

இன்று முதன்முதலாக ஒரு வேகப் படகு வாங்க நினைப்பவர் நான்கு கேள்விகள் கேட்பார். யார் வரைந்தது? யார் கட்டியது? எதனால் கட்டியது? யார் ஓட்டுவது? லிப்டனும் இவற்றையே கேட்டார். வரைவதற்கு ஸ்கொட்லாந்தின் வில்லியம் ஃபைஃப் அமர்த்தப்பட்டார். கட்டும் பணி, கடற்படைக்கு விரைந்து செல்லும் டோர்பிடோ படகுகளைக் கட்டிப் பெயர் பெற்ற தோர்னிகுரொப்ட் நிறுவனத்திடம் சென்றது. நீரில் அமிழும் பகுதிக்கு மாங்கனீசு கலந்த வெண்கலமும், மேற்பகுதிக்கு எடை குறைந்த அலுமினியக் கலவையும் பயன்பட்டன. தண்டையலாக ஆச்சி ஹோகார்த் பொறுப்பேற்றார். படகின் நீளம் ஏறத்தாழ 128 அடி. பாய்களின் பரப்பு 13,000 சதுர அடியைத் தாண்டியது. அதற்கு 'ஷாம்ராக்' என்று பெயர் சூட்டினார்கள். அயர்லாந்தின் மூவிலைச் செடி அது.

ஒரு தடை மட்டும் நீங்கவில்லை. சவால் விடும் படகு அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தானே கடந்து வர வேண்டுமென்பது போட்டியின் விதி. புயலைத் தாங்கும் உறுதியும் பந்தயத்துக்கான இலேசும் ஒரே படகில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு அந்தக் கவலை இல்லை.

1899 ஒக்ரோபரில் நியூயோர்க் கடலில் காற்று இல்லாமலும் மூடுபனியாலும் பல நாள்கள் வீணாயின. பின்னர் நடந்த மூன்று ஓட்டங்களிலும் ஹெரஷொஃப் வடிவமைத்த 'கொலம்பியா' வென்றது. இரண்டாவது ஓட்டத்தில் ஷாம்ராக்கின் பாய்மரத்து உச்சிக்கம்பம் முறிந்தது. மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி மூலம் போட்டிச் செய்திகளைக் கடலிலிருந்து 'நியூயோர்க் ஹெரால்ட்' பத்திரிகைக்கு அனுப்பினார். செய்தித்துறையின் வரலாற்றிலும் அது ஒரு மைல்கல்.

படகு தோற்றது, தேயிலை தோற்கவில்லை. முகம் சுளிக்காமல் தோல்வியை ஏற்ற லிப்டனை அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. அவர் பெயர் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் பின்னால் அவரது பொதியும் நுழைந்தது. 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளிலும் அவர் ஷாம்ராக் என்ற பெயரிலேயே படகுகளை அனுப்பினார். 1920 இல் முதலிரண்டு ஓட்டங்களை வென்றும் கிண்ணத்தை இழந்தார். 1930 இல் கடைசித் தோல்விக்குப் பின் அமெரிக்கப் பொதுமக்கள் பணம் சேர்த்து அவருக்கு ஒரு பொற்கிண்ணம் அளித்தனர். மறு ஆண்டு ஒக்ரோபரில் அவர் காலமானார். முதற் படகைத் தேர்ந்தபோது வெற்றியைத் தேடியவர், தோல்வியிலும் இலாபம் தரும் ஒரு விளம்பரத்தைக் கண்டடைந்தார் எனலாம்.

இதே கதையில் இன்னொரு முதற் படகும் உண்டு. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோரில் பெரும்பாலோருக்கு, வாழ்க்கையில் ஏறிய முதற் படகு பாக்கு நீரிணையைக் கடந்த தோணிதான். யார் கட்டியது, எத்தனை பேரைத் தாங்கும், யார் ஓட்டுவது என்று அவர்களால் கேட்க முடியவில்லை. கங்காணி காட்டிய படகில் ஏறினார்கள். 1864 இல் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் 120 தொழிலாளர்களுடன் மூழ்கியதை மலையக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கரை சேர்ந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் பேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் பலர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை 1914 இல்தான் தொடங்கியது.

பயணச் செலவும் அவர்கள் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. 1921 இல்தான் சட்டம் அதை ஒழித்தது. குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927 இல் வந்தது. 1929 இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஐந்தாவது ஷாம்ராக் அமெரிக்காவுக்குச் சென்றது அடுத்த ஆண்டு. இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே பக்கத்தில் எழுதிய வரலாற்று நூல்கள் அரிது.

திரும்பிச் செல்லும் படகையும் எம்மவர் தேர்ந்தெடுக்கவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டுகளுக்குப் பின் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற 'இராமானுஜம்' கப்பலின் தளத்தில் தகரப் பெட்டிகளோடு அமர்ந்திருந்தவர்களில் பலர் இலங்கை மண்ணில் பிறந்தவர்கள். எந்த நாட்டுக்குத் 'திரும்பினார்கள்' என்பது அவர்களுக்கே விளங்காத ஒன்று.

எஞ்சியவர்களுக்கு வீட்டு விடயத்திலும் தெரிவு கிட்டவில்லை. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மாற்று இடம் உரிய காலத்தில் அமையவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலிலும் பதுளை மாவட்டம் பெரும் அழிவைச் சந்தித்தது.

முதலாவது ஷாம்ராக்கின் நீளம், உலோகம், பாயின் பரப்பு, ஓட்டியவரின் பெயர் எல்லாம் பதிவாகியுள்ளன. அந்த ஆண்டில் ஊவா மலைகளில் கொழுந்து பறித்த பெண்களின் பெயர்கள் எங்கே? அவற்றைப் பதிவு செய்தவை தோட்டங்களின் செக்ரோல் பதிவேடுகளே. பழைய தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் எஞ்சியிருக்கும் பதிவேடுகளையும், கோயில் வரிப்பணக் கணக்குகளையும், கல்லறை எழுத்துகளையும் கறையானுக்கும் மண்சரிவுக்கும் முன்னர் பிரதியெடுத்துப் பேண வேண்டும். பல்கலைக்கழகங்களும் மலையக அமைப்புகளும் புலம்பெயர்ந்து வாழ்வோரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. லிப்டன் அமர்ந்த ஆசனத்துக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. கூடை சுமந்தவர்களின் பெயர்களை எழுதிவைப்பது நமது பொறுப்பு.