சியேனாவின் வெள்ளைச் சாலைகள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் சியேனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஓடும் தார் போடாத சரளைச் சாலைகளுக்கு அங்கே ‘ஸ்ட்ராடே பியாங்கே’, அதாவது வெள்ளைச் சாலைகள் என்று பெயர். உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கியதால் வந்த நிறம் அது. வடக்கே கியாந்தியின் திராட்சைத் தோட்டங்கள், தென்கிழக்கே க்ரேத்தே செனேசி எனப்படும் சாம்பல் நிறக் களிமண் மேடுகள், அதற்கும் தெற்கே வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு என மூன்று வேறுபட்ட நிலங்களை இவை கோக்கின்றன. கரடான பாதைக்கென்று அகன்ற டயருடன் வரும் கிராவல் சைக்கிளை ஓட்டுபவர்களிடையே இவற்றின் புகழ் பெரிது. ஆனால் இயற்கை அழகு என்று மட்டும் இவற்றைக் கொண்டாடினால் பாதி உண்மை விடுபட்டுப் போகும். இவை உழைப்பால் உண்டான சாலைகள். ஆள் புழங்கும் வரைதான் நிற்கும். இன்று அந்தப் புழக்கத்தைக் காப்பாற்றித் தருவதில் சைக்கிளுக்குப் பெரும் பங்கு உண்டு.

சாலைகளின் அமைப்பே இதற்குச் சான்று. பல நூற்றாண்டுகளாக இப்பகுதியில் வாரச் சாகுபடிதான் நடந்தது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடியானவர்கள் ஒரே ஊராகக் கூடி வாழாமல், தாம் உழுத நிலத்திலேயே தனித்தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். அந்த வீடுகளையும் பண்ணை மாளிகையையும் ஆலையையும் சந்தையையும் இணைக்க மாட்டுவண்டி போகும் வழிகள் வேண்டியிருந்தன. களிமண் பள்ளத்தில் நீர் தேங்கும், மண் சரியும் என்பதால் பல வழிகளை மேட்டின் முதுகிலேயே கொண்டுபோனார்கள். இன்று சைக்கிளில் போகிறவருக்கு இருபுறமும் நிலம் விரிந்து தெரிவது இந்தப் பழைய வடிகால் கணக்கால்தான். ஒரு முதுகிலிருந்து அடுத்ததற்குப் போக இறங்கி ஏற வேண்டியிருப்பதால், பெரிய மலை எதுவும் இல்லாமலே இந்தத் தடங்கள் காலை முறிக்கின்றன.

சியேனாவின் நகர மாளிகைச் சுவரில் 1338, 1339 ஆண்டுகளில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி தீட்டிய ஓவியத் தொகுதியில் நல்லாட்சியின் பயன்கள் நாட்டுப்புறத்தில் எப்படித் தெரியும் என்பது ஒரு பெரும் காட்சி. நகர வாயிலிலிருந்து சாலை இறங்கிப் போகிறது. சுமை ஏற்றிய விலங்குகள் வருகின்றன. வயலில் வேலை நடக்கிறது. பயமின்றிப் போய்வரத்தக்க சாலையையே நல்ல அரசின் அடையாளமாக அந்த ஓவியர் கண்டார். 2004இல் வால் டோர்ச்சா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோதும், மனிதர் திட்டமிட்டு உருவாக்கிய பண்பாட்டு நிலம் என்றுதான் சேர்ந்தது. லா ஃபோச்சே பண்ணைக்கு எதிரே சைப்ரஸ் மரங்கள் அணிவகுக்க வளைந்து ஏறும் சாலை, பல புகைப்படங்களில் காலங்காலமாக இருந்துவருவது போலத் தோன்றும். அது இருபதாம் நூற்றாண்டில் அமைந்ததே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியானவர்கள் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. வீடுகள் காலியாயின, சாலைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பயன் அற்றுப்போன சரளைச் சாலைக்கு இரண்டு முடிவுகள்தான் உண்டு: ஒன்று தார் ஏறும், இல்லையேல் புதர் மூடும். இந்த நிலையில் 1997இல் ஜான்கார்லோ ப்ரோச்சி, காயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் ‘லெரோயிக்கா’ என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் வந்தவர்கள் 92 பேர். 1987க்கு முந்தைய வகைச் சைக்கிள்களில், கம்பளிச் சட்டை அணிந்து போவது வழக்கமாயிற்று. வெள்ளைச் சாலைகளைத் தாரிலிருந்து காப்பது அதன் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று. இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ப்ரோலியோ கோட்டை, மோந்தால்சினோ, ஆஷானோ வழியாகச் சுற்றிவரும் 200 கி.மீ.க்கும் மேற்பட்ட தடத்தில் வழிகாட்டிப் பலகைகள் நிரந்தரமாக நடப்பட்டுள்ளன. ஆண்டு முழுவதும் யாரும் போகலாம், எந்தச் சைக்கிளிலும் போகலாம். அந்த ஒரு நாள் விழாவைக் காட்டிலும் இந்தப் பலகைகளையே பெரிய சாதனை என்பேன். பழைய வழி ஒன்றுக்கு அவை பொதுத்தடம் என்ற புதிய தகுதியைத் தந்துவிட்டன.

2007இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் இதே சாலைகளில் பிறந்தது. பின்னர் ஸ்ட்ராடே பியாங்கே என்றே அதற்குப் பெயராயிற்று. 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. லொரென்செத்தியின் ஓவியம் இருக்கும் மாளிகையின் எதிரே, பியாத்சா டெல் காம்போ சதுக்கத்தில் அது முடிகிறது. மோன்தே சாந்தே மரியே என்ற 11.5 கி.மீ. சரளைப் பகுதி பெரும்பாலும் வெற்றியைத் தீர்மானிக்கும். 2024இல் ததேய் பொகாச்சர் அங்கிருந்து சுமார் 80 கி.மீ. தனியாகவே ஓட்டி வென்றார். மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயர் அந்தப் பகுதிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பண்ணைப் பாதை உலகத் தொலைக்காட்சியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபின், அதன்மேல் ஓசைப்படாமல் தார் ஊற்றுவது எந்த நிர்வாகத்துக்கும் எளிதல்ல.

சாலைகளைச் சரளையாகவே காப்பதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. வந்துபோகிறவர்களின் கண்ணுக்கு இனிமை வேண்டும் என்பதற்காக, வாழ்கிறவர்கள் கோடையில் தூசியையும் மழையில் சேற்றையும் ஏன் சுமக்க வேண்டும்? வார முறையின் வறுமையிலிருந்து ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் நல்ல சாலை கேட்டால் அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. இந்த வாதத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்சும் நம்பியிருக்கும் வழிக்குத் தார் வேண்டும். அப்படிப்பட்ட முக்கியச் சாலைகளுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. எஞ்சியிருப்பவை சில வீடுகளுக்கும் வயல்களுக்கும் மட்டும் போகும் கிளை வழிகள். அங்கே தார் போட்டால் வேகம் கூடும், குறுக்குவழி தேடும் வாகனங்கள் நுழையும். நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்கும் களிமண்மேல் தார் விரிசல் விட்டால் பெயர்த்துத்தான் ஒட்ட வேண்டும். சரளையை மறுபடி வாரிச் சமன் செய்தால் போதும். பராமரிப்பே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஓர வடிகாலை ஆண்டுதோறும் தூர்வாராவிட்டால் எந்த வெள்ளைச் சாலையும் சில மழைக்காலங்களுக்குமேல் தாங்காது. வருகிறவர்களால் ஊர் பெறும் வருவாயில் ஒரு பங்கு இந்த வேலைக்கே போக வேண்டும் என்று கேட்பது நியாயம்.

கூட்டமே இந்த இடத்தைக் கெடுத்துவிடும் என்பது மற்றொரு அச்சம். விழா நாளில் அது உண்மைதான். ஆனால் நிரந்தரத் தடம் அந்தக் கூட்டத்தை ஆண்டின் மற்ற நாள்களுக்கும் பிரித்து அனுப்புகிறது. ஏப்ரலிலும் மேயிலும் க்ரேத்தே மேடுகள் கோதுமையால் பச்சையாக இருக்கும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் உழுத மண்ணும் திராட்சை அறுவடையும். நடுக்கோடையில் நிழலே இல்லாத நீண்ட முதுகுகளில் வெயில் கொடியது. தண்ணீர் கிடைக்கும் ஊர்களைக் கணக்கிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 40 மி.மீ. டயர் வசதி, பல்சக்கரத்தில் இலகுவான கியர் அவசியம். புதிதாக வருகிறவர் முழுச் சுற்றையும் ஒரே நாளில் முடிக்க முயலாமல், காயோலேயிலிருந்தோ ஆஷானோவிலிருந்தோ சிறிய வட்டம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மழை பெய்த உடனே களிமண் பகுதிக்குப் போகக்கூடாது. சேறு சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே அடைத்து உருளவிடாது என்பது ஒரு காரணம். ஈரத்தில் பதியும் தடம் காய்ந்ததும் அப்படியே பள்ளமாக இறுகி, அடுத்த மழைநீருக்கு வாய்க்காலாகிச் சாலையை அரித்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.