தும்பிக்குப் பேர் வைத்தவர்கள்

வாடை பெயர்ந்து முதல் மழை விழுந்த கையோடு நயினாதீவில் எங்கள் வளவுக்குத் தும்பி வரும். பூவரசுக்கும் பனைக்கும் நடுவில் கூட்டம் கூட்டமாய் மிதக்கும். பிடித்து வாலில் நூல் கட்டிக் கல்லுத் தூக்க வைப்போம். "பாவமடா, விடு. தாழப் பறக்குது, மழை கிடக்கு" என்பா அம்மம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் அது தட்டான். குறுந்தொகை இரண்டாம் பாட்டில் வரும் தும்பியோ வண்டு. இரண்டையும் ஒன்றென்று சொல்லி வகுப்பில் நான் குட்டு வாங்கியது தனிக்கதை.

இந்த மஞ்சள் தும்பிக்கு 1798இல் இலத்தீன் பேர் வைத்தவர் டென்மார்க்காரர் பப்ரிசியஸ். லின்னேயசிடம் படித்தவர். இந்தியாவில் கிடைத்தது என்று எழுதினாரே தவிர இந்தப் பக்கம் அவர் வந்ததில்லை. அவர் பேர் வைத்த நம் பக்கத்துப் பூச்சிகளில் பல தரங்கம்பாடியில் பிடிபட்டவை. 1620 முதல் 1845 வரை டேனியர் வைத்திருந்த அந்தத் துறை எங்கள் தீவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, நீரிணைக்கு அப்பால் இருக்கிறது.

அவர் வைத்த பேரில் 'பிளவெசென்ஸ்' என்ற பின்பாதி மஞ்சள் படர்வதைக் குறிக்கும். 'லிபெல்லுலா' என்ற முன்பாதியை 1861இல் ஹாகன் என்ற சேர்மன்காரர் 'பன்ராலா' ஆக்கினார். 1858இலேயே இலங்கையின் நரம்புச்சிறகுப் பூச்சிகளுக்கு அட்டவணை எழுதியவர் அவர். தும்பியும் ஈசலைப் போன்ற இன்னும் பலவும், சிறகில் நரம்போடியது எல்லாம், அந்நாளில் ஒரே கூடைக்குள். பூச்சிகளை அனுப்பியது றம்பொடைக் கோப்பித்தோட்டத்து நீட்னர். மலைநாட்டு ஓடைகளைப் பார்த்த மனிதர். எங்கள் தரவைகளைப் பற்றி ஹாகனுக்கு யார் சொல்வது?

முன்பாதி மாறலாம், பின்பாதி மாறாது என்பது அவர்கள் சட்டம். 1758இல் வந்த லின்னேயசின் நூலுக்குப் பிறகு யார் முதலில் அச்சிட்டாரோ அவர் பேர்தான் நிற்கும். அம்மம்மாவின் தும்பிக்கு அதில் இடமில்லை, அவ அச்சடிக்கவில்லையே.

நல்லகாலம், தீவுகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பேர்களை இறக்கினார்கள். வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நாங்கள் ஹார்லெம். அவற்றில் ஆங்கிலத்தில் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்பது போத்துக்கேயர் விட்டுப்போனது. ஆனாலும் குறிகாட்டுவானில் "டெல்ஃப்டுக்கோ?" என்று கேட்டு எவரும் படகு ஏற்றியதை நான் கண்டதில்லை.

பேர் வைத்தவர்கள் காணாத ஒன்றை 2009இல் சாள்ஸ் அன்டர்சன் என்ற கடலுயிரியலாளர் எழுதினார். ஒக்ரோபரில் மாலைதீவில் வந்திறங்கும் இந்தத் தும்பிகள் நன்னீரே இல்லாத அந்தக் கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றனவாம். மழை தேங்கிய பள்ளத்தில் முட்டை, ஒன்றரை மாதமளவில் சிறகு, பள்ளம் வற்றுமுன் பயணம்.

சிறகு முளைக்குமுன் மாரி வெள்ளத்துக்குள் கிடக்கும் அந்தப் புழுவுக்கு எங்கள் வீட்டில் பேரே இருக்கவில்லை. துரவில் அள்ளிய வாளிக்குள் வந்தால் அம்மம்மா கையால் எடுத்துத் திரும்ப விடுவா. என்னது என்று கேட்டால், "என்னவோ ஒண்டு, தண்ணிக்குள்ளை இருக்கிறது" என்பா.