200 ஆண்டு தாண்டியும் மிதக்கும் மலபார் தேக்குப் போர்க்கப்பல்: அதோட மர மாதிரியை புளியங்குடியில் இருந்தே செய்ய முடியுமா?

இங்கிலாந்தின் வடகிழக்கு கடற்கரையில் ஹார்ட்டில்பூல்னு ஒரு துறைமுக ஊர். அங்கே மூன்று பாய்மரத்தோடு ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. பெயர் 'ஹெச்.எம்.எஸ். டிரின்கோமலி'. நம்ம திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர்கள் அப்படி உச்சரித்தார்கள். பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்னைக்கும் தண்ணீரில் மிதக்கிறவற்றில் மிகப் பழையது இதுதான். ஆனா இதைக் கட்டியது பிரிட்டனில் இல்லை. பம்பாயில், இந்தியத் தச்சர்கள், மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கில் கட்டினாங்க.

கப்பல் மாதிரி செய்யும் பொழுதுபோக்கு இப்போ நம்ம ஊர்ப் பக்கமும் மெல்ல வந்துட்டு இருக்கு. யூடியூப் பார்த்து ஆசை வந்தவங்க முதலில் தேடுவது வெளிநாட்டு 'கிட்'. விலையைப் பார்த்ததும் ஆசை பாதி குறைஞ்சிடும். கிட் இல்லாமல், புளியங்குடி மாதிரி ஒரு ஊரில் இருந்துகிட்டே செய்ய முடியுமா? முடியும். அதுக்கு டிரின்கோமலியை விட நல்ல கப்பல் கிடைக்காது. ஏன்னு பார்ப்போம்.

சோழர் கப்பல் செய்யக் கூடாதா?

நிறைய பேர் கேட்கிற முதல் கேள்வி இது. செய்யலாம், ஆனா அது கற்பனைக் கப்பலாகத்தான் இருக்கும். சோழர் போர்க்கப்பலின் அளவு வரைபடம் எதுவும் நம்மிடம் இல்லை. கடைகளில் அழகா விற்கும் 'சோழர் கப்பல்' எல்லாம் ஓவியர்களின் யூகம்தான். வரவேற்பறையில் வைக்க அது போதும். ஒரு நிஜக் கப்பலை அளவு மாறாமல் சின்னதாக்கணும்னா வரைபடம் வேணும், முடிஞ்சா அசல் கப்பலும் வேணும். டிரின்கோமலிக்கு ரெண்டுமே இருக்கு.

பம்பாயில் ஏன் கட்டினாங்க?

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் பிரிட்டனுக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் பத்தலை. பம்பாயில் வாடியா குடும்பம் பல தலைமுறையா கப்பல் கட்டிக்கிட்டு இருந்தது. சூரத்தில் இருந்து வந்த பார்சிகள். தேக்கும் கிடைத்தது, கைதேர்ந்த தச்சர்களும் கிடைத்தாங்க. பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஆர்டர் கொடுத்தது.

ஆனா வரைபடமே ஒரு விபத்தில் மாட்டியது. அதை எடுத்து வந்த ஹெச்.எம்.எஸ். ஜாவா கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பல் தோற்கடித்தது. வரைபடத்தை மறுபடியும் அனுப்ப வேண்டியதாச்சு. கடைசியில் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் 1816ல் வேலை தொடங்கியது. பார்சி வழக்கப்படி அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள். 1817 அக்டோபர் 12ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதற்குள் போரே முடிஞ்சிருந்தது.

இந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லணும். புளியங்குடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அதே மலைத்தொடர்தான், வடக்கே தள்ளி, அந்தப் பக்கச் சரிவில் மலபார் காடுகள். கப்பலுக்கு மரம் வேணும்னு கிழக்கிந்தியக் கம்பெனி 1806ல் கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை அங்கே காட்டுப் பாதுகாவலராக நியமித்தது. பெயர்தான் பாதுகாவலர். தேக்கு முழுவதும் கம்பெனிக்கே என்று ஆக்கி, வெட்டுவதை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. மர வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தாங்க. 1823ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில் அந்தப் பதவியே நீக்கப்பட்டது. தேக்கு அந்த அளவுக்குக் குறைஞ்சு போனதால்தான், 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார். டிரின்கோமலி இந்தக் கதைக்கு நடுவில் பிறந்த கப்பல்.

எந்த வருஷத்துக் கப்பலைச் செய்யப் போறீங்க?

புதுசா ஆரம்பிக்கிறவங்க சறுக்குவது இங்கேதான். இந்தக் கப்பலுக்கு ரெண்டு முகம் இருக்கு. 1817ல் அது ஒரு ஃப்ரிகேட். வரைபடத்தின்படி முதன்மைத் தளத்தில் மட்டும் 28 பீரங்கி, ஒவ்வொன்றும் 18 பவுண்டு குண்டு போடுபவை. பிறகு பல வருஷம் வேலையில்லாமல் கிடந்தது. 1845ல் பின்பக்க அமைப்பை மாற்றி, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, கார்வெட் வகைக் கப்பலாக்கினார்கள். அப்புறம்தான் கரீபியன் கடலுக்கும் பசிபிக்குக்கும் போனது. பின்னாளில் பயிற்சிக் கப்பலாகி, 'ஃபூட்ரயான்ட்' என்று பெயர் மாறி, 1987ல் ஹார்ட்டில்பூல் வந்து சேர்ந்தது. புதுப்பிப்பு முடிந்தது 2001ல். பாதிக்கும் மேல் இன்னமும் பழைய மரம்தான்.

அதனால ஹார்ட்டில்பூல் போட்டோவைப் பார்த்துப் பின்பக்கத்தையும், 1817 வரைபடத்தைப் பார்த்துப் பீரங்கித் தளத்தையும் செஞ்சா, எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கப்பல்தான் வரும். முதல் நாளே வருஷத்தை முடிவு பண்ணிடுங்க.

அளவுக் கணக்கு

பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி, அகலம் சுமார் 40 அடி. 1:48 அளவில் செய்தால் தளம் 95 செ.மீ. வரும். 1:96 என்றால் 48 செ.மீ.தான், ஆனா பீரங்கியும் முடிச்சும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துடும். 1:64 நடுவில் இருக்கு: தளம் 72 செ.மீ., அகலம் 19 செ.மீ. முதல் கப்பலுக்கு எங்கள் சிபாரிசு இதுதான்.

தேக்குக் கப்பலைத் தேக்கில் செய்யாதீங்க!

கேட்க விசித்திரமா இருக்கும். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க இதைத்தான் சொல்வாங்க. தேக்கின் ரேகை பெருசு, துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். நிஜக் கப்பலில் அது அழகு. 64ல் ஒரு பங்கா சுருக்கின பலகையில் அதே ரேகை இருந்தால், பெரிய துளை மாதிரி தெரியும். மெல்லிசா சீவினால் ஓரமும் பிய்யும்.

வெளிநாட்டில் இதுக்குப் பேரி மரம், பாக்ஸ்வுட் பயன்படுத்துறாங்க. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு தெரியும்தானே? அதைப் பரம்பரையாக் கடைஞ்சது மஞ்சக்கடம்பு மரத்தில். ரேகை நெருக்கமா, இளமஞ்சளா இருக்கும். வெட்பாலை இன்னும் வெளுப்பு. சன்னபட்னா பொம்மைகள் அதில்தான் செய்றாங்க. ஈரம் நல்லா காய்ஞ்ச மரமா, முடிச்சு இல்லாததா பார்த்து வாங்கணும். பச்சை மரத்தில் பலகை ஒட்டினால் ஆறு மாசத்தில் இடைவெளி விடும்.

எப்படிக் கட்டுவது?

நம்ம கடற்கரைத் தச்சர்கள் கப்பலின் முதுகெலும்பை ஏரா என்பார்கள், விலா எலும்பை வங்கு என்பார்கள். மாதிரிக்கும் அதே முறைதான். 5 மி.மீ. ப்ளைவுட்டில் ஏராவை வெட்டி, அதில் காடி போட்டு, வங்குக்குப் பதிலா குறுக்குத் தட்டுகளைச் செருகணும். எல்லாம் ஏராவுக்குச் செங்குத்தா நிற்குதான்னு மட்டம் பார்த்து ஒட்டுங்க. இங்கே 1 மி.மீ. சாய்ஞ்சாலும் கடைசியில் பாய்மரம் வரைக்கும் அந்தக் கோணல் போகும். பிறகு தட்டுகளின் ஓரத்தை உப்புத்தாளால் சாய்வாக்கணும், பலகை முழு அகலத்துக்கும் படியுற மாதிரி.

அடுத்து பலகை. பொறுமை சோதிக்கிற கட்டம். நடுவில் 20 பலகை பிடிக்கிற உடம்பு, முன்பக்கமான அணியத்துக்கு வரும்போது குறுகிடும். ஆனா அங்கேயும் அதே 20 பலகை அடங்கணும். அதனால ஒவ்வொரு பலகையையும் முனைக்குப் போகப் போகச் சீவிக் குறுக்கணும். எவ்வளவு என்பதை முன்பக்கத் தட்டின் சுற்றளவை அளந்து, 20ஆல் வகுத்துக் குறிச்சுக்கோங்க. சீவாமல் ஒட்டுறவங்களுக்கு நாலாவது பலகையிலேயே ஒண்ணு மேல ஒண்ணு ஏறத் தொடங்கும். கால் மணி நேரம் வெந்நீரில் ஊற வச்சு, சூடான குழாய் மேல வளைச்சு, க்ளிப் போட்டுக் காய விட்டு, அப்புறம் ஒட்டணும். இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு என்று மாறி மாறி. ஒரே பக்கமாக முடிச்சால் ஏரா வில் மாதிரி இழுத்துக்கும்.

முதல் அடுக்கு மேல ரெண்டாவது மெல்லிய அடுக்கு வரும். கண்ணுக்குத் தெரிவது அதுதான். முதல் அடுக்கில் இடைவெளி விழுந்தால் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைச்சு அடைச்சுடலாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே நிஜக் கப்பலில் செம்புத் தகடு அடித்திருப்பாங்க, கடல்புழு துளைக்காமல் இருக்க. ஒரு தகடு 4 அடிக்கு 14 அங்குலம். 1:64ல் 19 மி.மீ.க்கு 5.6 மி.மீ. பின்பக்கம் பசை உள்ள செம்பு டேப்பை இந்த அளவில் வெட்டி, சுக்கான் பக்கம் இருந்து முன்னோக்கி, வரிசையாக ஒட்டிக்கிட்டு வரணும். வார்னிஷ் அடிக்காமல் விட்டால் கொஞ்ச மாசத்தில் செம்பு தானாகவே கறுத்து நிஜம் மாதிரி ஆயிடும்.

கயிறு மட்டும் நமக்கு சுலபம். சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரத்தில் தறி இல்லாத தெரு குறைவு, பருத்தி நூலுக்குப் பஞ்சமில்லை. மூணு இழையைப் பொம்மை மோட்டாரில் கோத்து முறுக்கினா கப்பல் கயிறு ரெடி. தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்தால் பிசிர் அடங்கும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பாங்க என்பதால் அவை கறுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வைக்கோல் நிறம். ரெண்டையும் ஒரே நிறத்தில் கட்டிய மாதிரிகளைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். முன்னால் நீட்டியிருக்கும் மரத்தோடு முழு நீளம் 86 செ.மீ. ஆவதால், கண்ணாடிப் பெட்டிக்கான இடத்தை வீட்டில் இப்பவே பேசி வாங்கிடுங்க.